ஷிஃப்ட் பஸ்ஸில் கரையேறிய பொன்மலர்

எங்கள் தொழிலில் புத்தகம் படிப்பதைவிட, படித்தவர்களைத் தேடி வெயிலில் அலைவதுதான் அதிகம். யார், எதை, எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று எழுதுவது என் வேலை. நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளர்களின் வாசிப்பைப் பற்றி எழுதக் கிளம்பினேன். என்னைப்போல அடுத்தவர் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்திப் பிழைப்பவர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம், புரிந்துவிடும்.

பையில் என்ன?

முதல் குவார்ட்டர்ஸில் கதவைத் திறந்த அம்மாள், என் பருத்த தோள்பையைப் பார்த்ததும் பாதிக் கதவை மூடிவிட்டார். "விக்க வரலைங்க, புக்கு வரலாறு எழுதறேன், நீங்க என்ன படிப்பீங்கன்னு கேக்க வந்தேன்" என்றேன். நம்பவில்லை. பையைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டில், குடை, எலுமிச்சை சாதம். அதைப் பார்த்ததும் இரக்கம் வந்து, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்: "புக்கு வரலாறுன்னு சொல்றீங்க, பையில ஒரு புக்குகூட இல்லியே!"

யாரும் இறங்காத பஸ்

அந்த அம்மாள்தான் பக்கத்து பிளாக் தண்டபாணியிடம் அனுப்பினார். மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் வேலைக்கு ஏற்றிப்போகும் ஷிஃப்ட் பஸ்ஸில் நின்றபடியே வாரப் பத்திரிகைத் தொடர்கதையை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாராம். குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. என் செல்போனைத் தள்ளி வைத்துத்தான் பதிவு செய்ய முடிந்தது.

தொடரின் கடைசி அத்தியாயம் படித்த அன்று, கதாநாயகி பொன்மலர் ஆற்றில் விழுந்த நேரம் பார்த்து மைன்ஸ் கேட் வந்துவிட்டது. ஒருவரும் இறங்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "சீக்கிரம் படிய்யா, அந்தப் பொண்ணக் கரையேத்திட்டு எல்லாரும் எறங்குங்க!"

அச்சில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று

பொன்மலர் பிழைத்து, கல்யாணமாகி, குழந்தையும் பெற்றாள் என்று அன்று பஸ்ஸில் படித்து முடித்ததாகத் தண்டபாணி சொன்னார். எதையும் அச்சில் பார்த்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். பழைய பத்திரிகைகளை பைண்டு செய்து வைத்திருந்த ஒருவர் வீட்டில் அந்த அத்தியாயம் கிடைத்தது. அதில் பொன்மலர் மூழ்கிச் செத்துப்போகிறாள்.

தண்டபாணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அன்று பஸ்ஸில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் முத்தாண்டிக்குப்பம் ராமலிங்கம். அவர் மனைவிக்குச் சிக்கலான பிரசவம். ஆஸ்பத்திரியில் உள்ளே விடாததால், சும்மா உட்கார முடியாமல் வேலைக்கு வந்திருந்தார். நல்லபடியாகப் பிறந்த மகளுக்குப் பொன்மலர் என்றே பெயர் வைத்துவிட்டார். கதையில் செத்தவளைத் தானே பிழைக்கவைத்த உண்மையைத் தண்டபாணி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. "அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிம்மா அவளச் சாகடிக்கிறது?"

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு மரணச் செய்தி

ராமலிங்கத்தைக் கேட்காமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் ஆசையாக வைத்த பெயர் கசந்துவிடுமோ என்றும் பயம். "நானே சொல்லிடறேன்" என்று தண்டபாணி கூடவே வந்தார்.

வாசலில் பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார் ராமலிங்கம். தண்டபாணி உட்காரக்கூட இல்லை. "ராமலிங்கம், பொன்மலர் அன்னைக்கே செத்துட்டாய்யா" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும் குரலில். "யாரு செத்தது?" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பொன்மலர். ராமலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவே நேரமானது. பிசுக்குக் கையோடு ஒரு சுளையை எடுத்து நண்பர் வாயில் திணித்தார். "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரம்மா அந்தக் கதையப் படிச்சிக்கினு அழுதுக்கினு இருந்திச்சி, எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும்யா. நீ காப்பாத்துன பொண்ணு பேர வைக்காம, வேற யாரு பேர வைக்கச் சொல்ற?"

என் கட்டுரையில் ஷிஃப்ட் பஸ் முடிவைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அச்சில் வந்த முடிவுக்கு அடிக்குறிப்பில் இடம் கொடுத்ததே அதிகம்.