மஞ்சள் பூவுக்கு மண் அணைத்தவள்

கிளியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நடை என்ற ஒன்றே அவளுக்குத் தெரியாது, ஓட்டம்தான். இரும்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, செம்பாக்கம் ஏரிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இறங்கினாளென்றால் மூன்று பிளாக்கின் மாடிப்படிகளையும் பதினோரு மணிக்குள் பெருக்கித் துடைத்துவிடுவாள். வருடக்கணக்காக இதே வேலை. துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செடிகொடியோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை. ஆனால் தோட்ட வேலைக்கு ஏஜென்சிக்காரர்கள் எப்போதும் ஓர் ஆணைத்தான் அனுப்புவார்கள்.

போன ஆனி மாதம் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபால் முன்னால் போய் நின்றாள் கிளியம்மாள். "நான் பாத்துக்கறேன் சார்." அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தேதி போட்டுத்தான் பேசுவார். பின்பக்க மதிலோரம் அவளை அழைத்துப்போனார். மரநிழலில் மூன்று தடவை புல் வைத்து, மூன்று தடவையும் செத்துப்போன நிலம் அது.

"டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு ஜெனரல் பாடி மீட்டிங். அதுக்குள்ள இந்த இடம் பச்சையா மூடியிருந்தா தோட்ட வேலை உங்களுக்கு. இல்லைன்னா பேவர் பிளாக் கல்லு பதிச்சிடுவோம். அப்புறம் தோட்டமும் வேணாம், தோட்டத்துக்கு ஆளும் வேணாம்."

"அதுக்குள்ள காடே வளத்துடுவேன் சார்!" கிளியம்மாளுக்குக் கைக்கு முன்னால் வாய் ஓடும்.

வழி காட்டியவர் வேளச்சேரி சாலையில் நர்சரி வைத்திருக்கும் எலியேசர். "யக்கா, புல்லை மறந்துடு. இதைப் பாரு. பிண்டாய்னு சொல்லுவாங்க. வேர்க்கடலைக்குப் பங்காளி. நெழல்லயும் படரும், மஞ்சளா பூத்துகினே இருக்கும். ஆனா கொட்டை கிட்டைலாம் எதிர்பாக்காத."

கடைசிப் பேச்சு அவள் காதிலேயே விழவில்லை. கலியாணத்துக்கு முன்னால் திண்டிவனத்துப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குக் களை எடுத்தவள் அவள். ஒரு காம்பில் நாலு இலை, அப்படியே அதே இலை! பழைய சிநேகிதியைப் பஸ்ஸில் பார்த்தது போல அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறந்ததும் எலியேசரிடம் வாங்கிவந்த நான்கு தட்டு நாற்றையும் சாண் இடைவெளியில் நட்டு முடித்தாள். அதன்பிறகு தினமும் தோள் பையைக்கூட இறக்காமல் மதிலோரம் ஓடினாள்.

"இன்னா யக்கா, புள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா?" என்று வாட்ச்மேன் பொன்னுரங்கம் கேலி செய்வார்.

"அட போ நைனா! நேத்துக்கு இன்னிக்கி ரெண்டு வெரக்கடை ஓடிக்கீது, வந்து பாரு!"

புரட்டாசியில் முதல் பூ பூத்தது. கிளியம்மாள் போட்ட கூச்சலில் பி பிளாக் முதல் மாடியில் ஜன்னல் திறந்தது. பூ எடுத்தால் மண் அணைக்க வேண்டும், விழுது மண்ணில் இறங்கினால்தான் காய் பிடிக்கும். அது அவள் கைகளுக்குத் தெரிந்த சட்டம். யாரையும் கேட்கவில்லை. இரண்டே நாளில் ஓடிக் கிடந்த கொடிகள் மேலெல்லாம் மண்ணைத் தள்ளி அணைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டாள். அரும்பாடுபட்டு வளர்த்த பச்சையெல்லாம் மண்ணுக்குள் போனது.

ராஜகோபால் வந்து பார்த்தார். "என்ன கிளியம்மா இது! இருந்ததையும் மூடிட்டீங்களே!"

"மண்ணு அணைச்சாதான் சார் கொட்டை வெக்கும்."

"கொட்டை யாருங்க கேட்டா? நான் பச்சைதானே கேட்டேன்!"

அன்று சாயங்காலமே மதில் மேல் இரண்டு பேவர் பிளாக் சாம்பிள் வந்து உட்கார்ந்தன. கிளியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. எலியேசருக்குப் போன் போட்டாள்.

"கொட்டை வராதுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே யக்கா!"

"மண்ணையெல்லாம் வாரிப் போட்டுடட்டா?"

"ஐயோ, தொடாத! தண்ணி மட்டும் காட்டு. கணு மண்ணுல பட்டா வேர் வுடும். பாப்போம், உன் அதிர்ஷ்டம்."

அடுத்த பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் ஒரு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வரவில்லை. "புடிச்சிக்கிச்சு! நைனா, புடிச்சிக்கிச்சு!" என்று அவள் கத்திய கத்தலில் பொன்னுரங்கம் திருடன்தான் அகப்பட்டான் என்று தடியோடு ஓடிவந்தார். மூடிய கணு ஒவ்வொன்றும் வேர்விட்டிருந்தது. ஒரு கொடி பத்துச் செடியானது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ள, கார்த்திகையில் மண் என்ற பேச்சே அங்கு இல்லை. மதில் நெடுகப் பச்சை, அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூ.

கூட்டம் கார் பார்க்கிங்கில் நடந்தது. எல்லாரும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கிளியம்மாள் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பேவர் பிளாக் வேண்டும் என்று மூன்றே கைகள் உயர்ந்தன. "அப்போ தோட்டப் பொறுப்பு நாளையிலிருந்து கிளியம்மா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார் ராஜகோபால். அவளுக்கு ஆனந்தத்தில் கை கூப்பக்கூட வரவில்லை, அழுதுவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும், மதிலோரம் நின்றவளிடம் ராஜகோபால் தனியாக வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். "கிளியம்மா, எங்க பால்கனி தொட்டிக்கு ரெண்டு கொடி குடுங்களேன்."

"கேட்டு வாங்கினா வராது சார். செடிக்குச் சொந்தக்காரங்களுக்குத் தெரியாம திருடி வெச்சாத்தான் துளுக்கும்."

முப்பத்தைந்து வருடம் பைசா பிசகாமல் கணக்கு முடித்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன். நீங்க எடுத்துக்குங்க."

சொன்னபடியே மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்னால் கொடி ஒடியும் சத்தம் கேட்டது. அந்தக் குடியிருப்பில் அவளிடமிருந்து திருடுவதற்கென்று ஒன்று இருந்தது அதுதான் முதல் தடவை. பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு, அவர் எடுத்து முடிக்கட்டும் என்று ஆடாமல் நின்றாள்.