தயாரித்தவர் கடிதம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் வயர். பத்து வருட ஒப்பந்த ஊழியன். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அச்சடிக்கும் ஓட்டைக் கணினிகளை ஓட வைத்தவன் அவன்தான். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்த திறந்த மூல மென்பொருளைப் போட்டிருந்தான். அதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகத் தமிழ் எழுத்து பிய்ந்து வந்ததை இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்து, திருத்தத்தைப் பொதுவுக்கே கொடுத்தான். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் செய்தவர்கள் பட்டியலில் அவன் முழுப்பெயரும் ஏறியது.

இனி அரசு திறந்த மூல மென்பொருளையே வாங்க வேண்டும் என்று ஆணை வந்ததும் வயருக்குத் தலைகால் புரியவில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் நமக்குத்தான் என்றான். ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் ஆடலாம் என்றாள் மனைவி.

கொள்முதல் கண்காணிப்பாளர் அம்மாள் பழைய டெண்டர் படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றினார். பன்னிரண்டாவது நிபந்தனை அப்படியே நின்றது: தயாரித்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் கட்டாயம். ஊர்கூடிச் செய்ததற்கு நிறுவனம் எங்கே போய்த் தேடுவது? இந்த மூளைக்கெல்லாம் சுழல் நாற்காலி ஒரு கேடு. வயர் விடவில்லை. தயாரித்தவர்களில் ஒருவன் என்ற முறையில் தனக்குத் தானே கடிதம் எழுதி இணைத்தான். தள்ளுபடி. அம்மாள் சிரிக்கக்கூட இல்லை.

ஜெயித்தது ஒரு பெரிய நிறுவனம். அதே மென்பொருள்தான். நிறத்தை மாற்றி, முத்திரை குத்தி, தயாரித்தது நாங்களே என்று கூசாமல் கடிதம் கொடுத்திருந்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பராமரிப்பும் அவர்கள் கைக்குப் போய் வயருக்கு வேலை போனது. கடைசி நாள், வயர் அந்தப் புதிய திரையில் பட்டியலைத் திறந்து காட்டினான்.

“இதுல நாலாவது பேரு என்னோடது மேடம். இத செஞ்சதுல நானும் ஒருத்தன்.”

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பத்து வருடத்தில் அவன் பெயர் அவர் வாயில் வந்தது அன்றுதான். பிறகு நிறுவனத்து ஆளைக் கூப்பிட்டார்.

“அரசாங்க சாஃப்ட்வேர்ல தனியார் பேரு எதுக்கு? எடுத்துடுங்க.”

திரையில் தெரியும் பட்டியல் நிரலுக்குள் எங்கே இருக்கிறது என்றே அந்த ஆளுக்குத் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தான். அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமில்ல வயர்? போறதுக்குள்ள எடுத்துக் குடுத்துட்டுப் போ.”

வயர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அதுக்குத் தயாரிச்சவனோட கடிதம் வேணும் மேடம்,” என்றான். “நான் தரமாட்டேன்.”