ஏழாம் நாள் நான் ஜாடி மாற்றவில்லை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் ஓரமாக நிற்கிற பழக்கம். பீர் காய்ச்சுவதைப் பற்றி, அதுவும் ஊரில் இருப்பவர்கள் படிக்கும்படி எழுதுவது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் இருந்து ஒரு தடவை பட்டிருக்கிறேன்; அதனால் எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், நான் தலையை ஆட்டினால் யாருக்கும் விளங்குவதில்லை. பக்கத்து வீட்டு கிரகாம் ஒன்றைச் சொல்லிவிட்டு, "சரியா?" என்பார். நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைப்பேன். வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். பீர் காய்ச்சும் முறையை இப்படித்தான் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது முறை மனப்பாடமே ஆகிவிட்டது.

இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமில்லை. மளிகைக் கடையிலேயே சாமான் கிடைக்கிறது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் 'காய்ச்சுகிறான்' என்று ஒருவரைச் சொன்னாலே போலீஸ் ஜீப் வரும். வெல்டராக வேலை பார்க்கும் என் கணவர், வேலையிடத்து ஆட்களோடு சேர்ந்து இதைப் பிடித்துக்கொண்டார். முளைகட்டிய பார்லியின் சாற்றை வாளியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு மூட வேண்டும். ஏழு நாள் நுரைத்து அடங்கியதும், அடிவண்டலை விட்டுவிட்டு, குழாய் வழியாக இன்னொரு கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். அந்த இரண்டாவது ஜாடியில்தான் பீர் தெளியும், வண்டலிலேயே கிடந்தால் கெட்ட வாசம் ஏறும் என்பது கிரகாமின் உறுதியான கட்சி. ஜாடியையும் அவரே கொடுத்தார்.

என் கணவர் இரண்டு தடவை அப்படியே செய்தார். இரண்டும் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தன. வேலையிடத்தில் இவருக்கு 'அட்டைப்பெட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரோஷத்தில் ஊர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாவது வாளியைப் போட்டார். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. கெட்டால் இன்னொன்று போட நேரமில்லை. அந்த வாரமே கம்பெனி வேலையாகத் தென் தீவுக்குப் போக வேண்டி வந்தது.

"ஏழாம் நாள் மறக்காம மாத்திரும்மா. கிரகாம் சொன்னாப்புலயே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் காலை குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். ஜாடியைக் கழுவினேன். வாளி முன்னால் உட்கார்ந்தபோது ஓசூர் ஞாபகம் வந்தது.

அங்கே ஜூஜுவாடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒரு கியர் கம்பெனியில் ஒன்பது வருடம் சரிபார்க்கும் வேலை செய்தேன். ஒரு சமயம் கியர் பற்களில் சின்னச் சின்ன நசுங்கல் வந்தது. இன்ஜினியர்கள் மெஷினைக் கழற்றி மாட்டினார்கள். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. கழுவிய கியர்களை, எண்ணச் சௌகரியமாக இருக்கட்டும் என்று, ஒரு டிரேயிலிருந்து இன்னொரு டிரேயில் கொட்டினார்கள். நசுங்கியது அங்கேதான். நடுவில் அந்த டிரேயே தேவையில்லை. சொல்ல வாய் வரவில்லை. சூப்பர்வைசர் கன்னடக்காரர், கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவார். "கண்ணை எங்கம்மா வெச்சிருந்தே? வீட்ல விட்டுட்டு வந்தியா?" என்று வரிசை முழுக்கக் கேட்கத் திட்டினார். தலை குனிந்து நின்றேன். ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அதையே சொன்னார். அவருக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது குழாயைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். வாளிக்குள் எதுவும் கெடவில்லை. மூடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன், ரொட்டி வாசம்தான். மாற்றும்போதுதானே காற்றுப் படுகிறது? அட்டைப்பெட்டி வாசம் அந்தக் காற்றில் வந்ததாக இருந்தால்? வண்டல் தானாக அடியில் தங்குகிறது. அது தங்குவதற்கு இன்னொரு ஜாடி எதற்கு? பீரில் பழம் போடுகிறவர்களுக்கும் மாதக்கணக்கில் வைக்கிறவர்களுக்கும் வேண்டியிருக்கலாம். எங்களுக்கு வேண்டியதில்லை.

குழாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மாலை போன் வந்தது. "மாத்திட்டியா?"

"மாத்தலைங்க."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன். மாத்த வேணாம்னு விட்டுட்டேன். இன்னும் ரெண்டு வாரம் அதுலயே கெடக்கட்டும். அப்புறம் நேரா பாட்டில்ல ஊத்திக்கலாம்."

"கிரகாம் முப்பது வருசமா காச்சுறாருடி. நீ ஒரு வாய் குடிச்சதில்ல."

"கார் ஓட்டத் தெரிஞ்சா நானு கியர்ல குத்தம் கண்டுபிடிச்சேன்?" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார். ஆனால், "கெட்டுதுன்னா அந்தப் பேரு சாவற வரைக்கும் போவாது எனக்கு" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் வாளியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

போட்டி ஊர் மண்டபத்தில் நடந்தது. பதினெட்டு பாட்டில்கள். எங்களுடையதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. நடுவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். முதல் பரிசு எங்களுக்கு!

இரண்டாவது ஜாடியில் எத்தனை நாள் வைத்தீர்கள் என்று நடுவர் கேட்டார். இவர் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "கேளுங்க, இவதான்." மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. "வைக்கவில்லை. ஒரே வாளி. மாற்றினால் காற்றுப் படும்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். முதலில் கைதட்டியது கிரகாம். "என் ஜாடியைத் திருப்பிக் கொடு," என்று கத்தினார். கோபமோ என்று பயந்தேன். வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், கேலிதான். அன்றைக்குத்தான் இரண்டு வாய் குடித்தேன். கசப்பு. ஆனாலும் என் கசப்பு.

ஒரு கையில் முதல் பரிசு ரிப்பன், மறு கையில் பாட்டில். அப்படி ஒரு போட்டோ எடுத்தார்கள். சொந்த ஊரான குருபரப்பள்ளியின் சொந்தங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்போது பாட்டில் பக்கத்தை வெட்டிவிட்டேன். ரிப்பனோடு பாதி ஆளாக நான் படத்தில் ஊருக்குப் போனேன். பாட்டிலோடு மீதி இங்கேயே நின்றது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். ரிப்பன் வாங்க என்ன சமைத்தாய் என்று கேட்டாள். பீர் என்று சொன்னேன். அது காதில் விழாததுபோல, அங்கே குளிரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.