பூட்டு தொங்கிய நீலக் கதவு

எங்கள் தெருவில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டு. அதாவது, அதற்கான கல்வெட்டு உண்டு. அடையாற்றங்கரை மதில் சுவரில் பளிங்குக் கல் பதித்து, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்துத் திறந்து வைத்தார்கள். கல்லுக்குப் பின்னால் ஆறுதான் இருந்தது. பெண்கள் எப்போதும்போல விடியுமுன் கரையோரப் புதருக்குப் போனார்கள். கழிப்பறைப் பணத்தில் கவுன்சிலர் வீட்டுக்கு மாடி வந்துவிட்டது என்று தெருவே பேசியது, கதவைச் சாத்திக்கொண்டு.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வந்து, கல்வெட்டுக்குக் கீழே நிஜம்போலவே ஒரு நீலக் கதவு வரைந்தான். அதில் பெரிய பூட்டு. சாவி, பக்கத்தில் தொப்பையோடு நின்ற கவுன்சிலரின் இடுப்பில். எதிரே வாளியோடு எங்கள் தெருப் பெண்களின் வரிசை. முதல் ஆள் அம்மா. எனக்கு ஆறு வயது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். தெருவே சிரித்தது. "என் மூக்கு இன்னாடா இம்மாம் பெர்சா கீது?" என்று அம்மா அண்ணனை அடிக்கப் போனாள். ஆனால் அன்று முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிச் சுவர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தாள்.

படம் போன் போனாகப் பரவியது. அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கேஸ் போட்டால் படிப்பு காலி என்றார்களாம். அம்மா கவுன்சிலர் வாசலில் நின்று அழுதாள். அவர் கோபப்படவே இல்லை, புண்ணியவான். "நம்ம புள்ளதானேம்மா. கைவேல நல்லா கீது. நமக்கே வரையட்டும்" என்றார்.

சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் கைகூப்பி நிற்கும் கவுன்சிலரை அண்ணனே வரைந்தான். தொப்பை இல்லை. "அம்மா எங்கண்ணா?" என்று கேட்டேன். "வெள்ளைக்கு உள்ளாற கீது, போடி" என்றான். அதற்குப் பிறகு அவன் பிரஷ்ஷைத் தொடவில்லை.

வரைந்து முடித்த அன்று சாயங்காலம் கவுன்சிலர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அடேயப்பா, என்ன மனுஷன் என்று நினைத்தேன். காரம் நாக்கைப் பிடுங்கியது. தண்ணீர் கேட்டு அலறினேன். "கொப்புளிச்சுத் துப்பு. முழுங்காத. இருட்டிடுச்சு பாரு" என்றாள் அம்மா. பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் பெண்களுக்குத் தண்ணீர் கிடையாது. பக்கத்திலேயே அண்ணன் ஒரு சொம்பு குடித்தான். பிரியாணியே கொடுக்கிறார் கவுன்சிலர், பச்சைத் தண்ணிக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறாளே என்று அன்றைக்கு நான் வெறுத்தது அம்மாவைத்தான்.