புங்க எண்ணெயை அலசியவர்

கிளமெண்ட் எதையும் அலசிப் பார்த்த பிறகே நம்புவார். கோலார் தங்கச் சுரங்கம் மூடும்வரை அங்கே சாம்பியன் ரீப்ஸ் மில்லில் வேலை. அரைத்த கல்லைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் வெறும் மண் ஓடிவிடும், கனமானது அடியில் நிற்கும். வீட்டுக்கு வரும் மிளகாய்த்தூளையும் அவர் அப்படித்தான் விசாரித்தார்.

இப்போது இருப்பது ஒரு பழைய டீசல் வேன். பெங்களூரு ரயிலுக்குப் போகிறவர்களைக் காலையில் பங்காருபேட்டையில் இறக்கிவிடுவார். குடும்பம் ஓடுவது அதில்தான்.

அவர் மனைவி ஜாயுடைய தம்பி சுனில், புங்கங்கொட்டை எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கிறான். ஒரு கேன் கொண்டுவந்து வைத்தான்.

"டீசலோட கொஞ்சம் கலந்து ஊத்துங்க மாமா. புகை குறையும்."

"இன்னாடா கலந்திருக்கே இதுல?"

"கலக்கல மாமா. எண்ணெயில இருந்த கிளிசரினைப் பிரிச்சி எடுத்துட்டேன்."

"எடுத்தியா, போட்டியா?"

சுனில் போனதும் கிளமெண்ட் கேனை அடுப்படியிலிருந்த அலுமினியப் பேசினில் கவிழ்த்தார். தண்ணீர் விட்டுச் சுழற்றினார். வெள்ளையாகக் கலங்கி மெல்லத் தெளிந்தது. அடியில் மணல் இல்லை, கசடும் இல்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. மேலே நின்றதை மொண்டு கேனில் ஊற்றி வைத்தார். காலையில் டீசல் டேங்கில் சேர்த்தார்.

பங்காருபேட்டைக்கு முன்பே வேன் இருமி நின்றது. தூரத்தில் ரயில் கூவியது.

"கோயில் விளக்கு வாசனை வந்துச்சிண்ணே. விளக்கு மாதிரியே அணைஞ்சும் போச்சி" என்றபடி ஜெயசீலி இறங்கினாள். தினமும் வருகிறவள். "நாளைலேர்ந்து நான் பஸ்லயே போய்க்கிறேன்."

மற்றவர்களும் ஆட்டோவைக் கைகாட்டினார்கள்.

ஃபோன் போட்டதும் சுனில் வந்தான். ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடித்தான். மேலே மஞ்சள். கீழே நிறமில்லாமல் ஒரு விரற்கடை.

"தண்ணி மாமா. ஈரமே இல்லாமதான் குடுத்தேன். எப்பிடி வந்துச்சி?"

"அதைத்தாண்டா நானும் கேக்குறேன். என் பொழப்புல தண்ணி ஊத்திட்டியே."

டேங்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி வண்டியைக் கிளப்புவதற்குள் மதியமாகிவிட்டது. இருவரும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் கவளத்தைச் சுனில் துப்பினான்.

"இன்னாக்கா, சோறு கசக்குது?"

ஜாய் பேசினை எடுத்து முகர்ந்தாள். அரிசி களைந்த பேசின். அவள் கணவனைப் பார்த்தாள். சுனிலும் பார்த்தான். கிளமெண்ட் சோற்றை மென்றுகொண்டே இருந்தார்.

சாயங்காலம் சுனில் வேறு கேன் கொண்டுவந்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"தெறக்காதீங்க மாமா. காலைல நானே வந்து ஊத்துறேன். ஜெயசீலி அக்காகிட்டயும் நானே பேசுறேன்."

கிளமெண்ட் டேப்பை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"தெறந்தா தெரிஞ்சிடும்னு ஒட்டிட்டியா? உள்ள இன்னாடா இருக்கு?"