சூரியனுக்கு முத்து போட்ட நாள்

ஐம்பதுகளின் பின்பாதியில் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு நில அளவை முகாமில் எனக்கு வேலை கிடைத்தது. படிப்பு கேட்காத வேலை. ஒயர்லெஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன யந்திரத்தின் கைப்பிடியை, ஆபரேட்டர் பேசி முடிக்கும்வரை சுற்ற வேண்டும். தோள் வீங்கும். அதற்கு முன் உப்பளத்தில் கால் வெந்தவனுக்கு அது பெரிதில்லை.

ஆபரேட்டர் பொதட்டூர்பேட்டைக்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர். தறிக் குழியிலிருந்து ஏறி வந்த ஆள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். தினமும் நடுப்பகலில், வடக்கே வெகு தொலைவிலிருந்த பெரிய முகாமோடு அவர் பேச வேண்டும். பெட்டிக் கோளாறால் ஏற்கெனவே சிலமுறை பேச்சு தவறியிருந்தது. இன்னொரு முறை தவறினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முகாம் அதிகாரி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மாலை, பக்கத்துச் செங்கல் சூளைப் புகைக்குப் பின்னால் சூரியன் செப்புத்தட்டு போல மங்கி இறங்கியது. கண் கூசவில்லை. அதன் முகத்தில் கொத்தாகக் கரும்புள்ளிகள். என் கண்ணில்தான் தூசு என்று தேய்த்தேன். புள்ளிகள் போகவில்லை. ஊர் ஊராக வெயிலிலேயே திரிந்தவன் நான்; சூரியன் மேல் கறை இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாள் பெரியபாளையத்துக்காரி. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்துகீதுப்பா. பாரு, மூஞ்சில முத்து போட்டுகீது."

அம்மைக் கொப்புளத்தை முத்து என்றுதான் சொல்வது. முத்து போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள், மருந்தும் கொடுக்க மாட்டார்கள். தானாக இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் அவள் கூடார வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். குழம்பும் தாளிக்கவில்லை. சூரியனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஏணி எங்கே கிடைக்கும் என்று ஆபரேட்டர் அவளைக் கேலி செய்தார்.

அன்று நடுப்பகல் நான் சுற்ற, அவர் பேச ஆரம்பித்தார். பாதிப் பேச்சில் எதிர்க்குரல் தேய்ந்தது. குரல் மட்டுமா, எப்போதும் பின்னால் இருக்கும் கரகரப்பும் போய்விட்டது.

"இன்னாயா, கை ஓஞ்சிபோச்சா? சுத்துயா."

நான் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியில் விளக்கும் எரிந்தது. காதுக்கருவியைக் கழற்றி என் காதில் வைத்தார். செத்தவன் மார்பில் காது வைத்தது போலிருந்தது. முன்பு காலரா முகாமில் எடுபிடியாக இருந்தபோது அதையும் செய்திருக்கிறேன்.

அவர் திருப்புளியை எடுத்தார். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்தாள்.

"நைனா, கை வெக்காத. அம்மா எறங்கற வரிக்கும் சும்மா உடு."

அவர் காதில் விழவில்லை. பெட்டியைத் திறந்து, பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கினார். வேர்த்த கையிலிருந்து ஒன்று நழுவிக் கல்லில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அதிகாரி வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். சாயங்கால ரயிலில் ஆபரேட்டரை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு புதுப் பெட்டியோடு வந்தவரிடம் முத்துக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார். அப்படிப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் சூரியன் மேல் தீ வெடிக்கப் போகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றார். வெடித்தால் பூமியின் பகல் பக்கத்தில் ஒயர்லெஸ் செத்துவிடும், பிறகு தானாக உயிர் வரும். அன்று கடலில் கப்பல்களுக்கும் காது அடைத்ததாம், அரைமணிக்குள் திறந்துவிட்டதாம். அத்தனை கோடி மைலுக்கு அப்பால் ஒன்று வெடித்து, இங்கே ஒரு மனிதனின் வேலை போயிருக்கிறது.

தப்பு அவருடையது இல்லை என்று சொல்லப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நின்றது.

"தானா வந்துச்சா?"

"வந்துச்சாம்ணா."

"எவ்ளோ நேரத்துல?"

"அந்தம்மா சோறு வடிக்கறதுக்குள்ள."

அவர் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"செத்த பொட்டியத்தான் ஒடச்சேன்னு ஊர்ல சொல்லிகினு கீறேன்யா," என்றார்.

அவர் மனைவி எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை தறிச் சத்தம் கேட்கவில்லை.