மடிப்பு மேடம்

ரிசல்ட் தாள் பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு அதை இரண்டாக மடித்துவிடுவார். எண் உள்ளே போய்விடும். நோயாளியின் பெயரும் வார்டும் மட்டும் மேலே தெரியும். அப்புறம் போனை எடுப்பார். ஜுரம் இருக்கிறதா, ரத்தம் எடுக்கும்போது படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, என்ன மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது? எதிர்முனையில் நர்ஸ் விடுகிற பெருமூச்சு என் மேஜை வரைக்கும் கேட்கும். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் தாளைப் பிரிப்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மடிப்பு மேடம் என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஹார்மோன் பரிசோதனைகளுக்கு விளக்கம் எழுதுகிற டாக்டர் அவர். போனுக்கு இடைஞ்சல் என்று வலக்காதில் கம்மல் போடுவதை விட்டுவிட்டார். பிஸ்கட்டை டீயில் முக்கிவிட்டு யாரோ ஒரு நோயாளியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்; பாதி பிஸ்கட் கரைந்து அடியில் போய்விடும். தினமும் புதிதாக நடந்ததுபோல் ஆச்சரியப்படுவார். ரிசல்ட் அனுப்புகிற ஆளாக, பதினோரு வருஷமாக இந்தக் கூத்தை எதிர்மேஜையிலிருந்து பார்க்கிறேன்.

"நம்பரை முதல்ல பார்த்துட்டா, அப்புறம் ஆளைப் பார்க்கவே தோணாது" என்பார்.

எனக்கு அது உறைத்தது பஸ் டிரைவர் விஷயத்தில். நுரையீரலில் கிருமி தொற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். ஸ்கேனில் தற்செயலாக ஒரு கட்டி தெரிந்தது, அட்ரீனல் சுரப்பியில். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. நாம் மிரண்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற ஹார்மோன் அங்கிருந்துதான் வரும். சில கட்டிகள் காரணமே இல்லாமல் அதைக் கொட்டும், ஆளையே கொன்றுவிடும். ரத்தம் அனுப்பினார்கள். அந்த ஹார்மோன், இருக்கவேண்டிய எல்லையைப் போல மூன்று மடங்கு காட்டியது. மேடம் மீட்டிங்கில் இருந்தார். அவசரக்குடுக்கை நான், எண்ணை வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டேன். அவர் திரும்புவதற்குள், ஆள் கொஞ்சம் தேறியதும் அறுத்து எடுத்துவிடலாம் என்று சர்ஜன் டிரைவரின் மனைவியிடம் சொல்லியும் ஆயிற்று.

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று மாடி ஏறினார், பின்னால் நானும். டிரைவரின் கையில், ரத்த அழுத்தம் விழாமல் பிடிக்கிற மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் அதே வகை ஹார்மோன்தான். நாமும் வெளியிலிருந்து ஏற்றுகிறோம், நோயோடு மல்லுக்கட்டுகிற உடம்பும் தன் பங்குக்குச் சுரக்கிறது. எண் எகிறாமல் என்ன செய்யும்?

சர்ஜன் விடவில்லை. நிஜமாகவே கொட்டுகிற கட்டியாக இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார் மேடம். "ஆனா இந்த நம்பருக்கும் தெரியாது."

தேறி வீட்டுக்குப் போய் ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதுவரை கொட்டுகிற கட்டி என்றே வைத்துக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

சொன்ன நாளில் டிரைவர் தன் காலிலேயே நடந்து வந்தார். ரத்தம் எடுக்குமுன் அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார் மேடம். ஓடுகிற வண்டியை இப்படி நிறுத்திப் போட்டால் எப்படி என்று சிரித்தபடி படுத்தார்.

ரிசல்ட் வாங்க மனைவி மட்டும் வந்திருந்தார். மேடம் மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார். ஜுரம் இல்லை. புது மருந்து எதுவும் இல்லை. நன்றாகத் தூங்குகிறார். கேட்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது, மேடத்துக்கும் பயம்.

"அவருக்குத் தெரியாம ஆறு வாரமா அழுதுட்டிருக்கேன் மேடம். எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

மேடம் தாளைப் பிரித்தார். நான் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன். எல்லையில் பாதிகூட இல்லை. கத்தியே வேண்டாம்.

அவர் அந்தத் தாளை மேஜையில் விரித்து, மடிப்பு விழுந்த கோட்டை நகத்தால் நீவி நீவித் தட்டையாக்கினார். பிறகு அந்த அம்மாள் பக்கம் திருப்பித் தள்ளி, எண்ணுக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார்.